நானாக வைத்துவிட்டு வந்த வேலை

ஒரு படிவத்தைத் தவறாக எடுத்துவிட்டேன் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. "அடடா" என்கிறார்கள். "கொஞ்சம் கவனமா பாத்திருக்கலாமே" என்கிறார்கள். ஏன் அதை எடுத்தேன் என்று சொன்னால்தான் ஒருவருக்கும் புரிவதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே ஒரு முறை முழுதாக எழுதிவைத்துவிடுகிறேன்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிகாமாட் வட்டாரத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் அட்டெண்டன் வேலை பார்த்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் போடுவது, உடம்பு துடைப்பது, தள்ளுவண்டியில் எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோவது, இறந்தவரைத் துணியில் சுற்றிப் பிணவறைக்கு அனுப்புவது. இதெல்லாம் ஒரு வேலையா என்று சொந்தக்காரர்களில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் முதல் போன் எனக்குத்தான் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனாலும் அவர்களுக்காக வார்டு வார்டாக அலைந்திருக்கிறேன்.

அந்த வேலையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் மகள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பிறக்கும்போது மூச்சு விடத் தாமதமானதில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. நடப்பாள், சிரிப்பாள். யாராவது பேசினால் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். அது அப்படியே என் புத்தி. தானாகச் சாப்பிடத் தெரியாது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். இது மாறாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். எனக்குப் பிறகு இவளுக்கு யார் சோறு போடுவார்கள்?

அந்தக் கேள்விக்கு ஒரு நாள் வார்டிலேயே பதில் கிடைத்தது. வயதான ஒரு தாதி, பேச்சுவாக்கில், பென்ஷன் உள்ள அரசாங்க ஊழியர் இறந்துபோனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பென்ஷனில் ஒரு பங்கு ஆயுள் முழுக்கப் போகும் என்றார். நான் நம்பவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். உண்மைதான் என்றார்கள். அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். நான் செத்த பிறகும் என் வேலை அவளுக்குச் சோறு போடும். அதற்குப் பிறகு எந்த நாற்றமும் எனக்கு நாறவில்லை.

ஆனால் உடம்பு கேட்க வேண்டுமே. ஆளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியது. நடந்தால் இடது கால் மரத்துப் போகும். இப்படியே போனால் இன்னும் ஐந்து வருடம்கூடத் தாங்காது என்று தெரிந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலையாக இருந்தால் ஓய்வு வயது வரை ஓட்டிவிடலாம் என்று குமாஸ்தா வேலைக்கு மனுப்போட்டேன். பரீட்சை எழுதினேன், நேர்முகத்துக்குப் போனேன். நாற்பத்தைந்து வயதில் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைத்திருந்தபோது கடிதம் வந்தது. கெலாங் பாத்தா பக்கம் ஓர் அரசாங்க அலுவலகம். என் கணவர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே வாடகைக்கு இருந்து, விடுமுறைக்கு விடுமுறைதான், நானும் மகளும் என் அப்பாவோடு இருந்த சாஆவுக்கு வந்துகொண்டிருந்தார். செனாய் பக்கத்திலேயே மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நிலையமும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வருகிறது என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் படிவம் புரியாது.

அப்பா சாஆவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பழக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது தோட்டம் கைமாறியது. புதிய நிர்வாகம் குத்தகைக்கு வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஒரு தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சொல். லெப்பாஸ். மலாயில் விடுவிப்பது, போகவிடுவது. எங்கள் தோட்டத்துத் தமிழில் அதற்கு ஒரே பொருள்தான்: ஆளை வேலையை விட்டுத் துரத்துவது. அப்பா பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் கையில் குலை வெட்டும் நீளக் கம்பு இருந்தது. எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் நேராக வந்து, அத்தனை பேர் முன்னால், அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதே மண்டோர் முந்தின வாரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டவர்.

அப்பா பிறகு பல வேலைகள் பார்த்தார். மரப்பட்டறை, லாரி கிளீனர், பள்ளிக்கூடத் தோட்டக்காரர். எதைப் பற்றியும் குறை சொன்னதில்லை. அந்தக் கம்பை மட்டும் மறக்கவே இல்லை. "நானா கீழ வச்சிட்டு வந்திருந்தா ஒண்ணுமில்ல. கையிலேர்ந்து புடுங்கி லெப்பாஸ்னுட்டான்" என்பார். தீபாவளி அன்றும் சொல்வார், அம்மா இறந்த பதினாறாம் நாளிலும் சொன்னார். அவரைத் தவிர வேறு யாரும் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. மலாய்க்காரர்கள் 'இதற்கு அப்புறம்' என்பதற்குக்கூட லெப்பாஸ் என்றுதான் சொல்வார்கள், ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும். கடையில் யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட அப்பா முகம் ஒரு கணம் சுருங்கும். சின்ன வயதில் நானும் தம்பிகளும் அதைப் பார்த்து ஒளிந்து சிரித்திருக்கிறோம்.

புதிய வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கையில் இரண்டு வாரம் இருந்தது. பழைய இடத்தை முடித்துக்கொள்ள மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தாள், சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

ஒன்றின் தலைப்பு பெலெப்பாசான் டெங்ஙான் இசின். அனுமதியோடு விடுவிப்பது. இன்னொன்று லெத்தாக் ஜாவாத்தான். லெத்தாக் என்றால் வைப்பது. பதவியைக் கீழே வைப்பது.

"எந்தத் தாள் வேணும், கக்கா?" என்று மலாயில் கேட்டாள். அக்கா என்பதை அவர்கள் கக்கா என்பார்கள்.

நான் முதல் தாளைப் பார்த்தேன். அதன் நடுவில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது வருடம் ஒரு தண்டனை இல்லை, ஒரு தாமதக் குறிப்பு இல்லை. என்னை எதற்கு லெப்பாஸ் பண்ண வேண்டும்? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இரண்டாவது தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவள், "விடுவிப்புன்னா மேலதிகாரி அனுமதி கொடுக்கணும், கொஞ்சம் நாளாகும். ஆனா யாரையாவது கேட்டுட்டு முடிவு செய்யுங்களேன்" என்றாள். நான் படிவத்தில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன். "நிஜமாவே இதுதானா, கக்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"என்னை யாரும் லெப்பாஸ் செய்ய வேண்டாம். நானே லெத்தாக்" என்றேன், மலாயில், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்காததால் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்றாள். கட்டினேன். என் தலையில் போட்டுக்கொள்ள மண்ணைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று இப்போது தெரிகிறது. அன்று ஏதோ சாதித்துவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பத்தொன்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்கலாம். எனக்குப் படுக்கைப் புண்ணை எப்படித் துடைப்பது என்று தெரியும். தாள் விவகாரம் எல்லாம் மாடியில் இருப்பவர்களுடையது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என் மகளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் சோறு சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து, நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அவளுக்குப் பகல் சாப்பாடு அவர் கையால்தான். "லெப்பாஸ் தாள நீட்டினாங்கப்பா. நான் தொடல. நானா வச்சிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அப்பா ஊட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படித்தாம்மா செய்யணும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதற்காகவே இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டிருப்பேன், அப்போது.

செனாய்க்குக் குடிபோனோம். அப்பா சாஆ வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். புதிய அலுவலகத்தில் நாற்காலி இருந்தது, குளிர்சாதனம் இருந்தது, யாரையும் தூக்க வேண்டியதில்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது, நேற்றுப் பள்ளி முடித்து வந்த பிள்ளைக்குப் போடுகிற சம்பளம் போட்டிருந்தது. பழைய சம்பளம் பிறகு சரியாகிவிடும், அரசாங்கத்தில் எல்லாம் ஆற அமரத்தானே நடக்கும் என்று இருந்தேன். மூன்று மாதம் அப்படியே இருந்தேன்.

அந்த அலுவலகத்தில் ஊழியர்களின் சேவைப் பதிவுகளைக் கவனித்தவர் நம்மவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் என் பழைய சேவைப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கடைசிப் பக்கத்தில் லெத்தாக் ஜாவாத்தான் என்று முத்திரை இருந்தது.

"ஏம்மா, இத யாரு போடச் சொன்னா?"

"நான்தாண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "பெலெப்பாசான் வாங்கிட்டு வந்திருந்தீங்கன்னா, வியாழக்கெழம அங்க, ஞாயித்துக்கெழம இங்க. சேவை அறுந்திருக்காது. பழைய சம்பளம் கூடவே வந்திருக்கும். பென்ஷனும் அப்படியே ஓடிக்கிட்டிருக்கும். இப்ப நீங்களா வேலைய விட்டுட்டீங்க. விட்டுட்டு இங்க புது ஆளா சேந்திருக்கீங்க."

"சரிண்ணே, முதல்லேர்ந்து பாத்துக்கிறேன். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு வருஷம் இருக்கு. அந்தப் பதினாலு வருஷத்துக்கான பென்ஷன் வந்தா போதும்."

அவர் சேவைப் புத்தகத்தை மூடிவைத்தார். "அலமாக், உங்களுக்குத் தெரியாதாம்மா? இந்த வருஷத்துலேர்ந்து புதுசா சேர்ற ஆளுங்களுக்குப் பென்ஷனே இல்ல. இபிஎஃப் சேமிப்பு மட்டும்தான்."

எனக்குத் தெரியும். பேப்பரில் படித்திருந்தேன். வார்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், பாவம் இனி வரும் பிள்ளைகள் என்று நானே உச்சுக்கொட்டினேன். நான்தான் அந்தப் புது ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "பிள்ளைக்கு?" என்று கேட்டேன். என் மகளைப் பற்றி அவருக்குத் தெரியும். "பென்ஷன் இருந்தாத்தானேம்மா பிள்ளைக்குப் போறதுக்கு" என்று மெதுவாகச் சொன்னார். எழுந்து என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று மாலை வரை கணினித் திரையில் ஒரே பக்கம்தான் திறந்திருந்தது.

அன்றிலிருந்து நான் யார் மேல் கோபப்படவில்லை? அந்த மலாய்ப் பெண் மேல், கிராணி மேல், மண்டோர் மேல், மீன் குழம்பு மேல், அப்பா மேல். கடைசியில் எல்லாம் சுற்றி என் மேலேயே வந்து விழுந்தது. கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலுவலகத்து அண்ணன் மேல்முறையீடு எழுதலாம் என்றார். லெப்பாஸ் என்ற சொல்லைப் பற்றி, கம்பைப் பற்றி, எல்லாவற்றையும் இரண்டு பக்கம் மலாயில் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் கதையெல்லாம் வேணாம்மா. படிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. படிவத்தத் தவறா எடுத்துட்டேன்னு ஒரே வரி எழுதுங்க. பழைய ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆதரவுக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய மருத்துவமனைக்குப் போனேன். முகப்பில் அதே பெண். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ரெண்டு தடவை கேட்டேன், கக்கா" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. தன்மேல் பழி வந்துவிடுமோ என்கிற பயத்தில். உண்மைதான், இரண்டு தடவை கேட்டாள். அந்த உண்மைக்காக அவளை அந்த நிமிடம் வெறுத்தேன். மேலதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் என்னை நிற்கவைத்தே பேசினார். படிவத்தில் இருப்பதைத்தான் எழுதித் தர முடியும் என்றார். ஆதரவுக் கடிதம் இல்லாமலேயே மேல்முறையீட்டை அனுப்பினோம்.

பதில் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஜொகூரில் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு என்று மாறியது. அண்ணன் ஓய்வு பெற்றுப் போனார், பென்ஷனோடு. அவருக்கு மாலை போட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமைதான்.

என் ஆவணங்களில் சாஆ முகவரியே இருந்ததால் கடிதம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தது. "கவர்மெண்டு கடுதாசி வந்திருக்கும்மா. சாமி மேடையில வச்சிருக்கேன், பிரிக்கல" என்று போனில் சொன்னார். அப்பாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சம்பளம் குறைந்ததையும் சொல்லவில்லை, பென்ஷன் போனதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் வாழ்க்கையில் பட்ட ஓர் அவமானத்துக்கு நான் மருந்து போட்டுவிட்டேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். தாத்தாவைப் பார்த்ததும் அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தார். இப்போதெல்லாம் அவர் கை நடுங்குகிறது. பாதிச் சோறு அவள் மடியில் விழுகிறது. நான் சாமி மேடையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். ஒரே பக்கம். வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்திருந்தது. முழுவதையும் ஒரு மூச்சில் படித்துவிட்டேன். நின்றபடியே படித்ததில் இடது கால் மரத்துப் போனது.

"என்னாம்மா போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. கடிதத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். "இந்த ஊழியர் வேலைய விட்டு விலகினது அவங்களோட சொந்த விருப்பம். யாரும் அவங்கள விலகச் சொல்லல. அதனால..."

"நில்லு, நில்லு" என்றார். "சொந்த விருப்பம்னா போட்டிருக்கான்? கவர்மெண்டு கடுதாசியிலயா?"

"ஆமாப்பா."

"லெப்பாஸ்னு எங்கயும் இல்ல?"

"இல்லப்பா. எங்கயும் இல்ல."

"அந்த வரிய இன்னொரு தடவ படிம்மா."

படித்தேன். அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இத பத்திரமா வையி. எனக்கு இப்படி ஒரு தாளு கெடைக்கல" என்றார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, "கேட்டியாடி கண்ணு, உங்கம்மாவ எவனும் லெப்பாஸ் பண்ணல!" என்றார். அந்த வீட்டில் அவர் வாயாலேயே அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பண்ணல, பண்ணல" என்று மகள் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். 'அதனால' என்பதற்குப் பிறகு இருந்த வரிகளை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த வாய்க்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.